நிலையம் மாறிய குரலும் நேயர்களின் நம்பிக்கையும்

தஞ்சை மாவட்டத்தில் 1960-களின் நடுவில், குறுவைப் பட்டத்தில் ஒரு புதிய நெல் ரகம் வேகமாகப் பரவியது. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வெளிவந்த அந்த ரகத்தின் பெயர் ஏ.டி.டி. 27. ஆனால் விவசாயிகள் பலர் அந்தப் பெயரைச் சொல்லி விதை கேட்கவில்லை. “ரேடியோ நெல்” என்றே கேட்டார்கள். திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பில் அந்த ரகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டதால் வந்த பெயர் அது. ரகத்தை உருவாக்கிய நிலையத்தின் பெயர் மக்கள் வாயில் நிற்கவில்லை. செய்தியைக் கொண்டு வந்த பெட்டியின் பெயர் நின்றுவிட்டது.

அந்தக் காலத்தில் ஒரு வட்டாரத்துக்கு ஒரே வானொலி நிலையம்தான். பேசுகிற குரல் வேறு, நிலையம் வேறு என்று பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியம் விவசாயிக்கு ஏற்படவில்லை. இன்று நிலைமை வேறு. அகில இந்திய வானொலி, தனியார் பண்பலை நிலையங்கள், சமுதாய வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசியில் பார்க்கும் யூடியூப் நிகழ்ச்சி என்று பல வழிகளில் ஆலோசனைகள் வருகின்றன. நேற்று ஓரிடத்தில் பேசியவர் இன்று வேறிடத்தில் பேசுகிறார். அப்போது கேட்பவர் எதைப் பின்தொடர்வது? நிலையத்தையா, குரலையா?

இந்தக் கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் 2002-ம் ஆண்டில் நடந்த ஒன்று நல்ல பாடமாக அமைகிறது. அது நகரத்து வானொலியின் கதைதான். ஆனாலும் குரலை நம்பி உரம் வாங்குகிற, மருந்து தெளிக்கிற, விதை மாற்றுகிற சிறு விவசாயிக்கு அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை பல உண்டு.

முள்ளில் ஒரு நூல் தூரம்

சிட்னியில் பேச்சு வானொலிக்குப் பெயர்பெற்ற இரண்டு பழைய நிலையங்கள் உண்டு. ஒன்று 1925-ல் தொடங்கிய 2யூஇ. மற்றொன்று 1926-ல் தொடங்கிய 2ஜிபி. இரண்டாவது நிலையத்தைத் தொடங்கியது பிரம்மஞான சபை. சென்னை அடையாறில் தலைமையகம் வைத்திருக்கும் அதே சபைதான். ஜியோர்டானோ புரூனோ என்ற இத்தாலியத் தத்துவ ஞானியின் முதலெழுத்துகளே ஜி, பி என்று அமைந்தன. பிற்காலத்தில் இந்த நிலையம் வணிக நிலையமாகக் கைமாறியது.

மத்திய அலையில் 2ஜிபி 873 கிலோஹெர்ட்ஸிலும் 2யூஇ 954 கிலோஹெர்ட்ஸிலும் ஒலித்தன. டிரான்சிஸ்டர் பெட்டியில் முள்ளை ஒரு நூல் அளவு திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடலாம்.

பேச்சு வானொலி என்பது பாட்டுப் போடும் நிகழ்ச்சி அல்ல. காலையில் நிகழ்ச்சி நடத்துனர் அன்றைய பத்திரிகைச் செய்திகளை எடுத்துப் பேசுவார். மின் கட்டணம், ஆஸ்பத்திரியில் காத்திருப்பு, பழுதான சாலை, அரசின் திட்டம் என்று எதைப் பற்றியும் கருத்துச் சொல்வார். நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுத் தங்கள் குறையைச் சொல்வார்கள். ஊர்த் திண்ணையில் நடக்கும் பேச்சு ஒலிபெருக்கியில் வருவதைப் போன்றது இது.

2யூஇ நிலையத்தில் 1985-ல் சேர்ந்தவர் ஆலன் ஜோன்ஸ். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் கிராமப்புறத்தில் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். பள்ளி ஆசிரியராகவும், ஆஸ்திரேலிய ரக்பி அணியின் பயிற்சியாளராகவும் இருந்தவர். இவருடைய காலை நிகழ்ச்சி சிட்னியில் மிக அதிகமானோர் கேட்கும் நிகழ்ச்சிகளில் ஒன்றாயிற்று. நேயர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் போடுவார். அவர்கள் குறையை எடுத்துக்கொண்டு மந்திரிகளுக்குக் கடிதம் எழுதுவார். நமக்காகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் நேயர்களிடம் வேரூன்றியது.

பணம் வாங்கிய பேச்சு

அதே நிலையத்தில் ஜான் லாஸ் என்ற மற்றொரு புகழ்பெற்ற நடத்துனர் இருந்தார். நாட்டுப்புறத்து நிலையங்கள் பலவும் இவருடைய நிகழ்ச்சியை வாங்கி ஒலிபரப்பின. லாரி ஓட்டுநர்களும் பண்ணைக்காரர்களும் இவருடைய நேயர்கள். வங்கிகள் ஏழை மக்களிடம் அநியாயமாகக் கட்டணம் பிடிக்கின்றன என்று கடுமையாகப் பேசி வந்தவர் இவர். ஒரு கட்டத்தில் அந்தப் பேச்சு நின்றது. வங்கிகளைப் பற்றி நல்ல வார்த்தைகள் வரத் தொடங்கின.

1999-ம் ஆண்டு ஜூலை மாதம் அரசுத் தொலைக்காட்சியின் ஒரு நிகழ்ச்சி இதன் காரணத்தை வெளியிட்டது. வங்கிகளின் சங்கத்தோடு லாஸ் பண ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார். விளம்பரத்துக்குப் பணம் வாங்குவது குற்றமல்ல; எல்லா வணிக நிலையங்களும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் இங்கே விளம்பரம் விளம்பரமாக வரவில்லை. சொந்தக் கருத்தின் உடையில் வந்தது. கேட்டவருக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஒலிபரப்பு ஆணையம் விசாரணை நடத்தி 2000-ம் ஆண்டு பிப்ரவரியில் அறிக்கை தந்தது. விசாரணையில் ஜோன்ஸ் உட்பட வேறு சில நடத்துனர்களுக்கும் கம்பெனிகளோடு இருந்த ஒப்பந்தங்கள் வெளிவந்தன. நடத்துனர் ஒரு கம்பெனியைப் பற்றிப் பேசும்போது அந்தக் கம்பெனியோடு தனக்குப் பண உறவு இருந்தால் அதை ஒலிபரப்பிலேயே சொல்ல வேண்டும் என்று விதி ஏற்பட்டது.

இவ்வளவும் ஊரறிய நடந்தது. பத்திரிகைகளில் மாதக்கணக்கில் வந்தது. நேயர்கள் விலகிப் போயிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். அடுத்த இரண்டு ஆண்டுகளில் நடந்ததோ வேறு.

குரல் போன வழியே

2ஜிபி நிலையம் அப்போது நேயர் எண்ணிக்கையில் பின்தங்கிக் கிடந்தது. அதன் உரிமையாளர்களில் முக்கியமானவர் விளம்பரத் தொழிலில் பெயர்பெற்ற ஜான் சிங்கிள்டன். ஆலன் ஜோன்ஸுக்குச் சம்பளத்தோடு நிலையத்தின் உரிமையிலும் பங்கு தர அவர் முன்வந்தார். 2002-ம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜோன்ஸ் 2யூஇ-யை விட்டு 2ஜிபி-க்குப் போனார். அதற்குச் சற்று முன்பே ரே ஹாட்லி என்ற நடத்துனரும் அங்கே போயிருந்தார்.

நேயர்களும் பின்னாலேயே போனார்கள். அதே ஆண்டில் காலை நேரத்தில் 2ஜிபி முன்னுக்கு வந்தது. சில ஆண்டுகளில் சிட்னியின் முதல் நிலையமாகவும் ஆயிற்று. குரல் போன 2யூஇ தேய்ந்தது. 2015-ல் இரண்டு நிலையங்களின் கம்பெனிகளும் ஒன்றாக இணைந்தன. போட்டியாக இருந்த இரு நிலையங்களும் ஒரே கூரையின் கீழ் வந்தன.

நேயர்கள் இடம் மாறினார்கள் என்பதை எப்படி அறிகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். மகசூல் மதிப்பீட்டுக்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்வதை விவசாயிகள் பார்த்திருப்பார்கள். எல்லா வயலையும் அளப்பதில்லை. சில வயல்களைக் குலுக்கல் முறையில் எடுத்து, அதில் அளவான ஒரு சதுரத்தை மட்டும் அறுத்து, எடை பார்த்து, வட்டாரம் முழுவதற்கும் கணக்கிடுகிறார்கள். வானொலிக் கணக்கெடுப்பும் இப்படித்தான். சிலரைத் தேர்ந்தெடுத்து, எந்த நேரத்தில் எந்த நிலையத்தைக் கேட்டார்கள் என்று நாட்குறிப்பில் குறித்துத் தரச் செய்வார்கள். அதிலிருந்து நகரம் முழுவதற்கும் கணக்கிடுவார்கள்.

நம்பிக்கை எங்கிருந்து வருகிறது?

முன்பின் பார்த்திராத ஒருவர்மேல் இத்தனை பற்று எப்படி ஏற்படுகிறது? அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் ஆகிய இருவரும் 1956-ல் இதைப் பற்றி எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தினமும் வருபவரை நேயர் தம் நண்பராகவே உணர்கிறார் என்பது அவர்கள் கண்டது. இது ஒருவழித் தோழமை. நேயருக்கு அவரைத் தெரியும். அவருக்கு நேயரைத் தெரியாது.

இதற்கும் முன்னால் 1943-ம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குக் கடன் பத்திரம் விற்க, கேட் ஸ்மித் என்ற பாடகி 18 மணி நேரம் இடைவிட்டு இடைவிட்டு வானொலியில் வந்து பேசினார். ஒரே நாளில் சுமார் 3 கோடியே 90 லட்சம் டாலருக்கு மக்கள் பத்திரம் வாங்க ஒப்புக்கொண்டார்கள். ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1946-ல் புத்தகமாக வெளியிட்டார். சொன்ன விஷயத்தைவிட, சொன்னவர் உடல் நோகப் பாடுபடுகிறார் என்ற எண்ணமே மக்களை அதிகம் அசைத்தது என்று அவர் கண்டார்.

இவற்றிலிருந்து, ஒரு குரல்மேல் நம்பிக்கை வளர்வதற்கான காரணங்களைத் தொகுத்துச் சொல்லலாம்.

தினமும் அதே நேரத்தில் வருவது முதல் காரணம். பால் கறக்கும் நேரத்தில், காப்பி குடிக்கும் நேரத்தில் வரும் குரல் வீட்டு மனிதர் குரலாகிவிடுகிறது. நம் பேச்சு வழக்கில் பேசுவது இரண்டாவது. கடிதம் போட்டால், கூப்பிட்டால் பதில் கிடைப்பது மூன்றாவது. நமக்காக யாரையோ தட்டிக் கேட்கிறார் என்ற எண்ணம் நான்காவது.

இந்த நான்கில் ஒன்றுகூடச் சொல்வது சரியா, தவறா என்பதைப் பற்றியதல்ல. நம்பிக்கை வளர்வது ஒரு வழியில்; அறிவுரை சரியாவது வேறு வழியில். சிட்னி நேயர்கள் 1999-ல் வெளிவந்த செய்திக்குப் பிறகும் அதே குரலைத் தொடர்ந்ததன் காரணம் இதுவே. அவர்கள் ஏமாளிகள் அல்லர். அவர்களுக்கு வேண்டியதை அந்தக் குரல் நாள்தோறும் தந்துகொண்டிருந்தது.

எல்லோரும் போவதில்லை

குரல் போனால் எல்லா நேயர்களும் பின்னால் போய்விடுவார்கள் என்றும் கொள்ளக் கூடாது. இங்கிலாந்தில் பி.பி.சி. ரேடியோ 2 நிலையத்தில் கென் புரூஸ் என்பவர் 31 ஆண்டுகள் முற்பகல் நிகழ்ச்சி நடத்தினார். பாட்டும் பேச்சும் கலந்த நிகழ்ச்சி அது. தினமும் 10.30 மணிக்கு வரும் பாட்டுப் புதிருக்காக வேலையை நிறுத்தி வைப்பவர்கள் பலர். வாரத்துக்கு 80 லட்சம் பேருக்கு மேல் கேட்டு வந்தார்கள். 2023-ம் ஆண்டு மார்ச்சில் அவர் பி.பி.சி.-யை விட்டு, ஏப்ரலில் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ என்ற தனியார் நிலையத்துக்குப் போனார். பாட்டுப் புதிரையும் கூடவே கொண்டு போனார்.

அடுத்து வந்த கணக்கெடுப்பில் ரேடியோ 2-வின் மொத்த நேயர்கள் வாரத்துக்குச் சுமார் 1 கோடியே 45 லட்சத்திலிருந்து சுமார் 1 கோடியே 35 லட்சமாகக் குறைந்தார்கள். தனியார் நிலையத்துக்கு நேயர்கள் கூடினார்கள். ஆனாலும் அவர் விட்டுப்போன அதே முற்பகல் நேரத்தில் சுமார் 69 லட்சம் பேர் ரேடியோ 2-வையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்த வேறுபாட்டை விளக்குவது கடினமல்ல. சிட்னியில் நடந்தது முழுக்க முழுக்கப் பேச்சு. பேசுபவர் போனால் நிகழ்ச்சியே போயிற்று. இங்கிலாந்தில் பாட்டு மீதி இருந்தது. சிட்னியில் புதிய நிலையமும் அதே அலைவரிசைப் பகுதியில், ஒரு நூல் தூரத்தில் இருந்தது. மேலும், சிட்னியின் இரண்டு நிலையங்களிலும் விளம்பரம் உண்டு. பி.பி.சி.-யில் விளம்பரம் இல்லை. தனியார் நிலையத்தில் உண்டு. பழக்கப்பட்டவர்களுக்கு இது இடையூறு. ஆகவே நேயரின் பற்று குரலிடம் ஒரு பங்கு, நிலையத்திடம் ஒரு பங்கு, கேட்கும் நேரத்தின் பழக்கத்திடம் ஒரு பங்கு என்று பிரிந்து கிடக்கிறது. எந்தப் பங்கு பெரிது என்பது நிகழ்ச்சியைப் பொறுத்தது.

காய்கறிப் பள்ளத்தாக்கில் வந்த வெள்ளம்

குரலை நம்புவதால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். பொழுதுபோக்குக்குக் கேட்பவருக்கு நஷ்டம் இல்லை. குரல் சொல்வதை வைத்து முடிவெடுப்பவருக்கு உண்டு. இதற்கும் அதே ஆலன் ஜோன்ஸின் ஒலிபரப்பிலிருந்து ஓர் உதாரணம் கிடைக்கிறது. அது விவசாயப் பகுதியில் நடந்தது.

குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் லாக்கியர் பள்ளத்தாக்கு என்ற பகுதி இருக்கிறது. வளமான மண் கொண்ட காய்கறிச் சாகுபடிப் பகுதி. அங்குள்ள கிரான்தம் என்ற சிற்றூரில் 2011-ம் ஆண்டு ஜனவரி 10-ம் தேதி திடீர் வெள்ளம் புகுந்து 12 பேர் இறந்தார்கள். பின்னர் பல குடும்பங்களுக்கு மேட்டு நிலத்தில் மாற்று மனை கொடுக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஊர் மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்தது.

பக்கத்தில் இருந்த கல் குவாரியின் கரை உடைந்ததால்தான் உயிர்கள் போயின என்றும், குவாரியை வைத்திருந்த சகோதரர்களே அதற்குப் பொறுப்பு என்றும் 2014, 2015-ம் ஆண்டுகளில் ஜோன்ஸ் தம் ஒலிபரப்பில் பலமுறை பேசினார். 2015-ல் மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. நீரியல் வல்லுநர்கள் தண்ணீர் வந்த வழியையும் அளவையும் கணக்கிட்டார்கள். வெள்ளம் இயற்கையானது, குவாரி அதற்குக் காரணமல்ல என்று ஆணையம் முடிவு கூறியது. சகோதரர்கள் நால்வரும் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். 2018-ம் ஆண்டு செப்டம்பரில் குவீன்ஸ்லாந்து உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஜோன்ஸும் ஒலிபரப்பிய இரு நிலையங்களும் சுமார் 37 லட்சம் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று உத்தரவாயிற்று.

ஊர் மக்களின் துயரம் உண்மை. அவர்களுக்காகப் பேச ஒருவர் வந்ததும் உண்மை. ஆனால் அவர் சொன்ன காரணம் தவறு. பரிவோடு பேசும் குரலும் தவறான காரணத்தைச் சொல்லக்கூடும் என்பதை இந்த நிகழ்ச்சி காட்டுகிறது. ஜோன்ஸ் 2020-ம் ஆண்டு மே மாதம் 2ஜிபி-யிலிருந்து ஓய்வு பெறும் வரை அந்த நிலையத்தின் காலை நேரத்தில் அவர்தான் முன்னணியில் இருந்தார். தீர்ப்பு வந்த பிறகும் நேயர் கூட்டம் கலையவில்லை.

வயலில் தவறினால்

நகரத்து நேயர் ஒரு தவறான கருத்தை நம்பினால் வாக்குவாதத்தோடு போய்விடும். விவசாயி ஒரு தவறான ஆலோசனையை நம்பினால் ஒரு போகம் போய்விடும்.

நெல்லில் புகையான் தாக்குதலை எடுத்துக்கொள்வோம். இந்தப் பூச்சி தண்டின் அடிப்பகுதியில், தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சுகிறது. வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து போகிறது. பார்த்ததும் பதற்றம் வரும். அப்போது ஒரு பழகிய குரல் பூச்சிக்குப் பொதுவாகப் பயன்படும் ஒரு மருந்தைச் சொன்னால் உடனே வாங்கி அடிக்கத் தோன்றும். அந்த மருந்து செயற்கைப் பைரித்ராய்டு வகையாக இருந்தால் புகையான் குறையாது, பெருகும். புகையானைத் தின்று வாழும் சிலந்திகளும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் அழிந்துபோவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மருந்துச் செலவும் போய், பயிரும் போய்விடும்.

சரியான முறை வேறு. நடும்போதே சுமார் 2½ மீட்டருக்கு ஒரு பட்டம் 30 செ.மீ. இடைவெளி விட்டால் காற்றும் வெயிலும் தூருக்குள் புகும். தழைச்சத்து உரத்தை ஒரே தடவையாக அள்ளிப் போடாமல் பிரித்து இட வேண்டும். தாக்குதல் கண்டால் தண்ணீரை வடிக்க வேண்டும். மருந்து தேவைப்பட்டால் புகையானுக்கென்று சிபாரிசு செய்யப்பட்டதை மட்டும், தூரில் படும்படி தெளிக்க வேண்டும். ஒரே பூச்சிக்கு இரண்டு ஆலோசனைகள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை இதிலிருந்து அறியலாம். குரல் இனிமையா, பழக்கமா என்பதை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கூடிப் பேசினால் தெளிவு

வானொலியைக் கேட்பதோடு நிறுத்தாமல் கூடிப் பேசினால் பயன் பெருகும் என்பதை நம் நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1956-ம் ஆண்டில் யுனெஸ்கோ உதவியோடு, பூனா வானொலி நிலையத்திலிருந்து மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களின் சுமார் 150 கிராமங்களுக்கு 20 ஒலிபரப்புகள் நடந்தன. ஒவ்வொரு கிராமத்திலும் சிலர் குழுவாக உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அதைப் பற்றி விவாதித்தார்கள். சந்தேகங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்பினார்கள். பதில் அடுத்த ஒலிபரப்பில் வந்தது.

வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத கிராமங்களோடு இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழு இருந்த கிராமங்களில் மக்களின் அறிவு வளர்ச்சி மிக அதிகமாக இருந்தது. பெட்டியும் ஒன்று, ஒலிபரப்பும் ஒன்று. கூடிப் பேசியதுதான் வேறுபாடு. கேட்ட செய்தியை நாலு பேர் தங்கள் வயல் அனுபவத்தோடு உரசிப் பார்க்கும்போது பொருந்தாதது உதிர்ந்துவிடுகிறது.

விவசாயி கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

நம்பிய குரல் நிலையம் மாறினால் பின்தொடர்ந்து போவதில் தவறில்லை. நல்ல ஆலோசனை சொல்பவர் எங்கிருந்து சொன்னாலும் நல்லதே. ஆனால் புதிய இடத்தில் அவர் பேச்சைக் கேட்கும்போது கீழ்க்கண்ட கேள்விகளை விவசாயி தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

1. இந்தப் பேச்சுக்குப் பணம் கொடுப்பவர் யார்? நிலையம் மாறும்போது பெரும்பாலும் சம்பளம் கொடுப்பவரும் மாறுகிறார். முன்பு எல்லா உரங்களையும் பொதுவாகப் பேசியவர் இப்போது ஒரே கம்பெனியின் பெயரை மட்டும் சொல்கிறாரா என்று கவனிக்க வேண்டும். குறைசொல்லி வந்த ஒன்றைத் திடீரென்று புகழ்ந்தால் காரணம் கேட்க வேண்டும்.

2. இது நம் மண்ணுக்கும் பட்டத்துக்கும் பொருந்துமா? நிலையம் மாறினால் ஒலிபரப்பு எட்டும் பகுதியும் மாறும். டெல்டாவின் களிமண் வயலுக்குச் சொன்னது மேற்கு மாவட்டத்துச் செம்மண் தோட்டத்துக்குப் பொருந்தாது.

3. தவறு நேர்ந்தால் திருத்திச் சொல்கிறாரா? போன மாதம் சொன்னது பலிக்கவில்லை என்று எழுதினால் அதை வாசிக்கிறாரா, மறைக்கிறாரா? தவறை ஒப்புக்கொள்பவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

4. பணத் தொடர்பு இல்லாத வேறொருவர் இதையே சொல்கிறாரா? வேளாண்மை விரிவாக்க மையம், வேளாண் அறிவியல் நிலையம், ஆராய்ச்சி நிலையம் இவற்றில் விசாரிக்கலாம். கிசான் கால் சென்டருக்கு 1800-180-1551 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தமிழிலேயே பதில் கிடைக்கும். மருந்து விற்கும் கடைக்காரர் சொல்வதையும் அந்த மருந்தைப் புகழும் குரலையும் இரண்டு சாட்சியாக எண்ணக் கூடாது. அது ஒரே சாட்சி.

5. தவறிப்போனால் நஷ்டம் எவ்வளவு? ஒரு புதிய வளர்ச்சி ஊக்கிக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 2 ஏக்கரிலும் தெளித்துப் பயன் இல்லையென்றால் 1,000 ரூபாய் நஷ்டம். 10 சென்ட்டில் மட்டும் தெளித்துப் பார்த்தால் செலவு 50 ரூபாய். பக்கத்தில் தெளிக்காத 10 சென்ட்டை விட்டுவைத்து, இரண்டையும் தனித்தனியே அறுத்து எடை போட்டால் உண்மை தெரிந்துவிடும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் அவசியம். எந்தத் தேதியில் யார் என்ன ஆலோசனை சொன்னார், எத்தனை சென்ட்டில் செய்து பார்த்தோம், செலவு எவ்வளவு, மகசூல் எவ்வளவு என்று நான்கு வரி எழுதி வைத்தால் போதும். இரண்டு மூன்று போகத்தில் எந்தக் குரல் பலித்தது, எது பலிக்கவில்லை என்பது எழுத்தில் நிற்கும். வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இதை எழுதி உதவலாம். ஊர் உழவர் மன்றத்தில் பத்துப் பேர் இப்படி எழுதி வைத்து, போகம் முடிந்ததும் ஒப்பிட்டுப் பார்த்தால் அது அந்த ஊருக்கே பயன்படும் பதிவேடாகிவிடும்.

வானொலியில் பேசுபவருக்கு நேயரின் நம்பிக்கைதான் முதல். நிலையம் மாறும்போது அந்த முதலையும் அவர் எடுத்துக்கொண்டு போகிறார். 2ஜிபி நிலையம் உரிமையில் பங்கு கொடுத்து ஒருவரை அழைத்ததும் அதற்காகவே. அது நேயர்கள் கொடுத்த முதல் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது. கடன் கொடுத்தவர் அவ்வப்போது கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. காலையில் பெட்டியைத் திருப்பிப் பிடித்த குரலைக் கேட்கலாம். சொன்னதை முதலில் 10 சென்ட்டில் செய்து பார்க்கலாம். அது பலித்தால் அடுத்த போகத்தில் மீதி வயலுக்கும் செய்யலாம்.